கரிசல் மண்ணில் கோடைத் தோட்டம்

திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசல் மண் கோடை உஷ்ணத்தில் பாளம் பாளமாக வெடித்து, அவ்வெடிப்பிலே செடியின் சல்லிவேர்கள் அறுந்துபோவது சகஜமாதலால், வீட்டுத் தோட்டமுடையோர் பாத்தியைக் களைக்கொத்தியால் மேலாகக் கிளறி, நிலக்கடலைத் தோலோ சருகோ மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்பிவைத்தல் உசிதம்.

2024-ல் நேர்ந்ததுபோல, கடும் வெயிலின் பின்னே மே மாதத்திலேயே பெருமழை கொட்டினால் (அவ்வாண்டு மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளமே வந்தது) அபாயம் வேறு விதமாகிவிடுகிறது: கரிசல் உப்பி நீரை விடாது பிடித்துக்கொள்ள, வேருக்குக் காற்றின்றி மிளகாயும் கத்தரியும் வாடி நிற்கும், வாட்டங்கண்டு மேலும் தண்ணீர் ஊற்றுவோர்தாம், ஐயோ, அநேகர். விரலை இரண்டங்குலம் புதைத்துப் பார்த்து, மண் பிசுபிசுவென ஒட்டுமாயின், வாளியைத் தொடாமல் பாத்தியோரம் வாய்க்கால் கீறி வடியவிடுக. தக்காளிப் பூ உதிர்வதோ, உஷ்ணத்தில் மகரந்தம் பழுதுபடுவதால் விளைவதாகையால், அதற்குப் பரிகாரம் உரமன்று, பிற்பகல் நிழலே.