ஊர் கூடினால் மூடின ஸ்டேஷனும் திறக்கும்



ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் பழக்கம். ஊர் கூடி ஒரு ரயில் நிலையத்தையே மீட்டெடுக்க முடியுமா? முடியும் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். அதில் நம் குழுக்களுக்கு என்ன பாடம் இருக்கிறது என்று இந்த மாதம் பார்ப்போம்.

முதலில் நம்ம பக்கத்துக் கதை. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931 மே 11-ஆம் தேதி. மீட்டர் கேஜ் என்கிற குறுகலான தண்டவாளத்தில் அது எழுபது வருஷத்துக்கு மேல் ஓடியது. 2004-இல் மீட்டர் கேஜ் வண்டி நின்று, அகலப் பாதை மட்டும் ஆனது. அதற்கும் முன்னால் போனால் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பழுதாகிக் கிடந்த அதை 2005-இல் ரயில்வே துறை புதுப்பித்தது.

ராயபுரத்தைப் புதுப்பிக்க அரசாங்கத்தின் கையில் பணம் இருந்தது. அரசாங்கமே "வேண்டாம், மூடு" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? இங்கிலாந்தில் சசெக்ஸ் என்ற பகுதியில் அதுதான் நடந்தது.

சட்டத்தைப் படித்த ஒரு பெண்

லூயிஸ் என்ற ஊருக்கும் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊருக்கும் நடுவே 1882-இல் போட்ட ரயில் பாதை அது. வருமானம் போதவில்லை என்று 1955 மே மாதம் அதை மூடினார்கள். அந்தப் பக்கம் குடியிருந்த மேட்ஜ் பெஸ்ஸமர் என்ற பெண்மணி அழுது புலம்பவில்லை. பாதை போடும்போது இயற்றிய பழைய சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தார். 1878-ஆம் வருஷத்துச் சட்டத்தில், இந்தப் பாதையில் தினமும் நான்கு ரயில் விட்டே ஆக வேண்டும் என்று இருந்தது! ரயில்வேக்காரர்களால் பதில் சொல்ல முடியவில்லை. 1956 ஆகஸ்டில் மறுபடி ரயில் விட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கிங்ஸ்கோட் என்ற நிலையத்தின் பெயர் அந்தச் சட்டத்தில் இல்லை. அதனால் அங்கே ரயில் நிற்காமல் போனது. எழுத்தில் பெயர் விட்டுப்போனால் உரிமையும் விட்டுப்போகும். நம் தீர்மான நோட்டில் ஒவ்வொரு பெயரையும் சரிபார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பிறகு பாராளுமன்றத்தில் அந்தச் சட்டத்தையே மாற்றி, 1958 மார்ச்சில் பாதையை மறுபடி மூடிவிட்டார்கள். ஆனாலும் முயற்சி வீணாகவில்லை. அந்த இடைவெளியில் ஊர் விழித்துக்கொண்டது. 1959-இல் சில மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1960 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, பாதையில் ஒரு சிறு துண்டில் அவர்களே நீராவி ரயிலை ஓட்டினார்கள். 'புளூபெல் ரயில்வே' என்று பெயர்.

குப்பை மேட்டைத் தோண்டி...

கிங்ஸ்கோட் நிலையத்தை விட்டார்களா? இல்லை. தண்டவாளத்தையே பிடுங்கிப் போட்டிருந்த அந்த இடத்தைத் திரும்ப வாங்கி, கட்டடத்தைப் பழைய மாதிரி சரிசெய்து, பாதை போட்டார்கள். 1994-இல் அங்கே ரயில் வந்து நின்றது. மூடி 39 வருஷம் கழித்து! அதற்கு மேலே போக வேண்டிய பள்ளத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். "ஆளுக்குப் பத்து பவுண்டு கொடுங்க, குப்பையை அள்ளலாம்" என்று நிதி கேட்டார்கள். அள்ளியும் முடித்தார்கள். 2013 மார்ச்சில் ரயில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை போய்ச் சேர்ந்தது. இன்று சுமார் 18 கிலோமீட்டர் பாதை.

டிக்கெட் கொடுப்பது, பெயின்ட் அடிப்பது, பெட்டி பழுது பார்ப்பது, செடி வளர்ப்பது என்று அங்கே பெரும்பாலான வேலையைத் தொண்டர்களே செய்கிறார்கள். ஆனால் யாரும் நினைத்த உடனே கைகாட்டியைத் தொட முடியாது. பயிற்சி எடுத்து, பரீட்சையில் தேறினால்தான் அனுமதி. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

"அதெல்லாம் வெள்ளைக்காரங்க ஊருல நடக்கும்" என்று நினைக்க வேண்டாம். அரியானா மாநிலம் குர்கான் பக்கத்தில் தாஜ்நகர் என்ற கிராமம். ஸ்டேஷன் கேட்டுப் பல வருஷம் அலைந்தார்கள். பணம் இல்லை என்று ரயில்வே சொன்னது. ஊரே வசூல் போட்டு, சுமார் 20 லட்சம் ரூபாயில் தாங்களே நிலையம் கட்டினார்கள். 2010-இல் அங்கே ரயில் நின்றது.

இலவச உழைப்பா? யோசித்துச் செய்வோம்

இங்கே ஒரு கேள்வி வரும். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை நாம் ஏன் சும்மா செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. ஏற்கெனவே வீட்டில் நாம் செய்யும் வேலைக்குக் கூலி கிடையாது. "மகளிர் குழுதானே, கூப்பிட்டா வருவாங்க" என்று துடைப்பத்தை நம் கையில் கொடுக்க எல்லாருமே தயார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவளுக்கு அது பெரிய தொகை. ஆகவே எந்தப் பொதுவேலைக்கும் சம்மதிக்கும் முன்னால் மூன்று விஷயம் கேட்போம்:

1. இதன் பலன் நம் ஊருக்கும் நமக்கும் வருமா?
2. கூலிக்குச் செய்கிற ஒருவருடைய பிழைப்பை இது பறிக்குமா?
3. முடிவெடுக்கும் இடத்தில் நமக்கு நாற்காலி உண்டா, இல்லை வேலைக்கு மட்டும்தான் கூப்பிடுகிறார்களா?

புளூபெல்லிலும் தாஜ்நகரிலும் வேலை செய்தவர்களே முடிவையும் எடுத்தார்கள். அதனால்தான் அது நிலைத்தது.

இன்னொன்று. நம் ஊரில் ரயில் நிலையம் ரயில்வேயின் சொத்து. ஒரு சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்றாலும் முதலில் நிலைய மேலாளரிடம் எழுத்தில் மனு கொடுத்து, மேலதிகாரியின் அனுமதியைக் கையில் வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் தண்டவாளப் பகுதிக்குள் நுழைவது 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அதைவிட முக்கியம், உயிர் போனால் வராது.

ரயில் நிலையம் இல்லாத ஊரும் உண்டு. அங்கே குளம் இருக்கும், பழைய சத்திரம் இருக்கும், நிறுத்திவிட்ட டவுன் பஸ் இருக்கும், பூட்டிக் கிடக்கும் நூலகம் இருக்கும். வழி ஒன்றுதான்: காகிதத்தைத் தேடு, படி, ஆளைச் சேர், சிறுகச் சேமி, கணக்கைக் காட்டு, பொறுமையாக இரு.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

• நம் ஊரில் மூடிக் கிடக்கும் பொதுச் சொத்து எது? அது யார் பெயரில் இருக்கிறது?
• அது பற்றிய அரசாணை, பழைய தீர்மானம் ஏதாவது உண்டா? யார் போய்க் கேட்பது?
• நாம் கொடுக்கக்கூடியது பணமா, நேரமா, கைத்தொழிலா?
• மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் நம் பதில் என்ன?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதப்படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு நோட்டை மூடுங்கள்.