கார்பன் பிரேக்குகளின் உராய்வும் தேய்மானமும்

பூட்டினுள் சாவி இறுகிக்கொண்டால், பென்சில் கரியைச் சுரண்டிச் சாவியின்மேல் தடவும் வழக்கத்தைப் பலரும் அறிவர். கிராபைட்டு எனப்படும் அக்கரி, இரு உலோகப் பரப்புகளுக்கிடையே புகுந்து உராய்வைக் குறைக்கிறது. அவ்வாறிருக்க, அதே இனத்தைச் சேர்ந்த கார்பனைக் கொண்டே ஆகாய விமானத்தை நிறுத்தும் பிரேக்கு வட்டுகள் செய்யப்படுகின்றன என்று கூறினால், ‘வழுக்கும் பொருள் வண்டியை எங்ஙனம் நிறுத்தும்?’ என்று மாணவன் வினவக்கூடும். வினா நியாயமானதே.

நம் பாடநூல்களில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஓர் உராய்வுக் குணகம் அச்சிடப்பட்டிருப்பதே இக்குழப்பத்திற்குக் காரணம் என்று தோன்றுகிறது. உராய்வு, பொருளின் மாறாத குணம் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது, தரையில் நெடுங்காலம் உழைக்கும் டைனமோ கார்பன் பிரஷ்கள், மிக உயரத்தில் பறந்த விமானங்களில் விரைவிலேயே பொடியாகி உதிர்ந்தன. ஆர். எச். சாவேஜ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1948இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை விளக்கினார். கிராபைட்டு வழுக்குவதற்கு அதன் அடுக்கமைப்பு மட்டும் போதாது; காற்றிலுள்ள நீராவியும் வேண்டும். அடுக்குகளின் விளிம்பிலுள்ள கார்பன் அணுக்கள் பற்றுவதற்கு ஏதேனும் ஒன்றைத் தேடி நிற்பவை. நீராவி அவ்விடங்களில் ஒட்டிக்கொண்டால் அவை அடங்கிவிடுகின்றன. நீராவி நீங்கினால், எதிர்ப்பரப்பையே பற்றி இழுக்கின்றன. உராய்வும் தேய்மானமும் ஒருங்கே மிகுகின்றன.

இனி பிரேக்குக்கு வருவோம். 60,000 கிலோகிராம் எடையுள்ள விமானம் நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் ஓடும்போது, அதன் இயக்க ஆற்றல் 10 கோடியே 80 இலட்சம் ஜூல். ஏறத்தாழ 370 கிலோகிராம் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றின் எதிர்ப்பும் என்ஜின்களின் எதிருந்தலும் ஒரு பங்கை ஏற்றாலும், எஞ்சியதைச் சக்கரத்தினுள் அடுக்கப்பட்ட வட்டுகளே சில நொடிகளில் விழுங்கவேண்டும். சக்கரத்துடன் சுழலும் வட்டும் சுழலாத வட்டும் மாறிமாறி அமைந்திருக்க, உந்துதண்டுகள் அவற்றை ஒன்றோடொன்று அழுத்துகின்றன.

கார்பன் நார்களை அடுக்கி, இடைவெளிகளையும் கார்பனாலேயே பல வாரங்கள் நிரப்பி இவ்வட்டு செய்யப்படுகிறது. அடர்த்தியில் இது எஃகின் நான்கில் ஒரு பங்களவே. ஆயினும் எடைக்கு எடை எஃகைக் காட்டிலும் மிகுந்த வெப்பத்தை ஏற்கும். எஃகு உருகும் வெப்பநிலையிலும் உருகாது. 1976இல் பயணிகள் சேவையைத் தொடங்கிய கான்கார்டு விமானத்தில் இத்தகைய பிரேக்குகள் இருந்தன. நம் நாட்டில் அக்னி ஏவுகணையின் வெப்பக் கவசத்திற்கென வளர்ந்த இத்தொழில்நுட்பம், தேஜஸ் விமானத்தின் பிரேக்கு வட்டுகளுக்கும் பயன்பட்டது.

இரவு முழுதும் ஈரக்காற்றில் நின்ற விமானத்தின் வட்டுகள் நீராவியை ஈர்த்து வைத்திருக்கும். எனவே காலையில் முதன்முறை பிரேக்கை மிதிக்கும்போது பிடிப்புக் குறைவாக இருக்கக்கூடும். ஆங்கிலம் பேசும் பொறியாளர்கள் இதற்கு, கருவுற்ற பெண்களின் மசக்கையைக் குறிக்கும் சொல்லையே வேடிக்கையாக வழங்குகின்றனர். உராயும் பரப்பு ஏறத்தாழ 150 முதல் 200 டிகிரி சென்டிகிரேடைக் கடந்ததும் நீராவி வெளியேறி, உராய்வு திடீரென ஏறுகிறது; அப்போது வட்டிலிருந்து நுண்பொடி உதிர்கிறது. மேலும் சூடேறினால் அப்பொடியே நசுங்கி மெல்லிய படலமாகப் படிந்து, பரப்பை ஓரளவு காக்கிறது. வட்டு தயாரிக்கப்பட்ட முறைக்கேற்ப இவ்வெல்லைகள் வேறுபடும்.

இதனால் விளைவது, பழக்கத்திற்கு மாறானதொரு விதி. எஃகு பிரேக்கு, தான் ஏற்கும் ஆற்றலுக்கேற்பத் தேய்கிறது. ஆகையால் மெல்ல மெல்ல மிதிப்பது அதற்கு நன்று. கார்பன் பிரேக்கின் தேய்மானமோ பெரும்பாலும் எத்தனை முறை மிதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. விமானம் தரையில் ஊர்ந்து செல்லும்போது, குளிர்ந்த வட்டுகளை இலேசாகப் பலமுறை தொடுவது அவற்றின் ஆயுளைப் பெரிதும் குறைக்கும். ஒருமுறை உறுதியாக மிதித்து வேகத்தை நன்கு தணித்தபின் முற்றிலும் விட்டுவிடுவதே முறை. எஃகு பிரேக்கில் பழகிய விமானி, சிக்கனம் என்று கருதிச் செய்வது இங்குச் செலவாக முடிகிறது.

கார்பனின் மெய்யான பகை பிராணவாயு. ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரிக்கு மேல் கார்பன் மெல்ல எரியத் தொடங்கும். உராயாத பக்கங்களில் காப்புப் பூச்சு இடப்படுவது இதனாலேயே. குளிர் நாடுகளில் ஓடுபாதைப் பனியை உருக்கத் தூவும் பொட்டாசியம் உப்புகள் வட்டில் ஊறினால், இவ்வெரிதல் இன்னும் தாழ்ந்த வெப்பநிலையிலேயே நிகழும்.

பராமரிப்பு ஊழியர்கள் இங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். பிரேக்கை அழுத்திய நிலையில், தேய்மானத்தைக் காட்டும் ஊசி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்து எஞ்சிய தடிப்பை அறிகிறோம். ஆனால் அவ்வூசி காட்டுவது தடிப்பை மட்டுமே. எரிதலோ தடிப்பைக் குறைக்காமல் வட்டின் உட்புறத்தையே அரிக்கக்கூடும். ஊசி போதிய அளவு நீண்டிருந்தும், சக்கரத்துடன் பொருந்தும் பல்விளிம்புகள் மென்மையாகி உதிர்வது உண்டு. ஆகவே சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம், காப்புப் பூச்சு உரிந்துள்ளதா, விளிம்புகள் பொடிகின்றனவா என்று கண்ணால் நோக்குதலும் வேண்டும்.