அப்பாவின் ரைஃபிளுக்கு ஆள் வந்துவிட்டது, விற்கலாமா?

கேள்வி: என் அப்பா ரைஃபிள் கிளப் உறுப்பினர். 2021-இல் காலமானார். அவர் போட்டிகளில் சுட்ட ஜெர்மன் .22 ரைஃபிளும், பிற்பாடு வாங்கிய .30-06 ரைஃபிளும் வீட்டு பீரோவில் இருக்கின்றன. கொஞ்சம் தோட்டாக்களும் உண்டு. உரிமம் 2022-இல் முடிந்துவிட்டது. அப்பாவுக்குப் பழக்கமான ஒருவர், “பாயிண்ட் ட்வென்டி டூவுக்கு எப்போதும் ஆள் இருக்கிறது, பெரிய காலிபரை யாரும் சீந்தமாட்டார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ரொக்கமாகத் தருகிறேன், பேப்பர் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். காலிபரைப் பொறுத்து மதிப்பு இவ்வளவு மாறுமா? நானே நேரடியாக விற்கலாமா? அம்மாவும், திருமணமான அக்காவும் இருக்கிறார்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் விலையைப் பற்றியது. ஆனால் விலை இப்போதைய பிரச்சினை அல்ல. இன்றைய தேதியில் அந்த இரண்டு துப்பாக்கிகளும் சட்டப்படி உங்கள் வசம் இருக்கின்றனவா? இந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இல்லை. ஆகவே நீங்கள் விற்க முடியாது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 5(2), வியாபார உரிமம் இல்லாத தனிநபரும் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்க இடம் தருகிறது. ஆனால் அது சொந்த உபயோகத்துக்காகச் சட்டப்படி வைத்திருப்பவருக்கு மட்டுமே. உங்கள் அப்பாவுக்கு அந்த உரிமை இருந்தது. அவருக்குத் தரப்பட்ட உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. துப்பாக்கியின் மதிப்பு வாரிசுகளைச் சேரும். அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை சேராது. உங்கள் பெயரில் உரிமம் வாங்காதவரை அது பீரோவில் இருக்கும் ஒவ்வொரு நாளும் பிரிவு 3-க்கு முரணானது. தோட்டாக்களுக்கும் இதே கதிதான்; ஒரே ஒரு தோட்டா என்றாலும் அதுவும் கணக்கு.

சட்டப்படி வைத்திருப்பவர்கூட நினைத்த மாத்திரத்தில் விற்றுவிட முடியாது. வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்துமூலம் தெரிவித்து, அதன் பிறகு 45 நாட்கள் கழிந்திருக்க வேண்டும். வாங்குபவரின் உரிமத்தை அசலாகப் பார்க்காமல் கொடுத்தால் அதற்கும் தனியாகத் தண்டனை உண்டு. “பேப்பர் வேலை பிறகு” என்று சொல்பவர், சட்டம் முதலில் வைத்திருப்பதைக் கடைசியில் வைக்கச் சொல்கிறார். அவர் உங்கள் அப்பாவின் நண்பராகவே இருக்கட்டும். நாளை அந்த ரைஃபிள் வேறெங்காவது பிடிபட்டால், அதன் எண் உங்கள் அப்பாவின் உரிமத்தில் இருக்கிறது. போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். உரிமமின்றி வைத்திருந்ததற்காகப் பிரிவு 3-இன் கீழ் வழக்குத் தொடர வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. பிரிவு 39 அப்படிச் சொல்கிறது. அப்பா இறந்த பிறகு விவரம் தெரியாமல் வைத்திருந்த வாரிசு, தானே முன்வந்து ஒப்படைக்கிறபோது, அதை எடுத்துச் சொல்ல ஒரு வாசல் இருக்கிறது. அது விடுதலைப் பத்திரம் அல்ல. ஆனாலும் உங்கள் கையில் இருக்கும் மிக நல்ல சூழ்நிலை அதுதான். பிரிவு 5-ஐ மீறி விற்றீர்களானால் அந்த வாசல் இல்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுச் சிறை. ஆயுள் வரை போகலாம். வைத்திருப்பதிலிருந்து விற்பதற்கு நகர்வது ஒரே ஒரு படிதான். அந்தப் படியை எடுத்து வைக்காதீர்கள்.

சில வார்த்தைகள் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா இறந்தது 2021-இல். இறப்புச் சான்றிதழ் வாங்கினீர்கள். வங்கிக் கணக்கை மாற்றினீர்கள். வீட்டு வரியைக்கூட அம்மா பெயருக்கு மாற்றியதாக எழுதுகிறீர்கள். துப்பாக்கியை மட்டும் தொடவில்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது, உரிமத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்ததாகவும், “அப்பா இறந்துவிட்டார்” என்று சொன்னதும் பேச்சு அதோடு முடிந்ததாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றே ஒரு கடிதத்தோடு நிலையத்துக்குப் போயிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அவர்கள் திரும்பக் கேட்கவில்லை என்பது உங்களுக்குச் சாதகமான சாட்சியம் ஆகாது. போன் வந்ததும் உங்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்பதற்கு எதிர்த் தரப்பு அதையே காட்டலாம். உரிமப் புத்தகம் எங்கே என்பதும் தெரியவில்லை என்கிறீர்கள். துப்பாக்கி இருக்கும் வீட்டில் உரிமப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று குடும்பத்தில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தாம் உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு உரிமத்தை அவர் பெயருக்கு வாங்கித்தர வழி உண்டு. வீட்டில் பெரியவர் ஒருவர் துப்பாக்கி வைத்திருந்தால் இந்த மாதமே அதைப் பேசி முடியுங்கள்.

இனி உங்கள் வழி. பிரிவு 21-இன்படி, வைத்திருக்கும் உரிமை முடிந்த துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, நிபந்தனைகளுக்கு உட்பட்டு உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஆனால் துணியில் சுற்றி பஸ்ஸிலோ காரிலோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். உரிமமில்லாமல் எடுத்துச் செல்வதும் குற்றமே. முதலில் ஒரு வழக்கறிஞரோடு கடிதம் மட்டும் கொண்டு போங்கள். இரண்டு ரைஃபிள்களின் எண்கள், தோட்டாக்களின் எண்ணிக்கை, அப்பா இறந்த தேதி ஆகியவற்றை அதில் எழுதி, எப்படி ஒப்படைப்பது என்று எழுத்திலேயே கேளுங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். ஒப்படைத்ததற்கான ரசீதில் ரைஃபிள் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். அதற்கு முன், வீட்டில் துருவைத் தேய்க்கிறேன் என்று உப்புத்தாள் போட்டுவிடாதீர்கள். எண் இருக்கும் இடத்தில் கீறல் விழுந்தால், அடையாளக் குறியை அழித்த குற்றச்சாட்டு வரும். பிரிவு 8 அதைத் தனியாகவே தடுக்கிறது.

ஒப்படைத்த பிறகுதான் விற்பனைக் கதவு திறக்கிறது. விதித்த காலத்துக்குள், அதை வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்கவும் அந்தப் பணத்தைப் பெறவும் பிரிவு 21 உங்களை அனுமதிக்கிறது. காலம் தவறினால் துப்பாக்கி அரசுடைமையாகும். ஒப்படைத்துவிட்டோமே என்று மறுபடி மூன்று வருஷம் உட்கார்ந்துவிடாதீர்கள். விற்க மனமில்லை, அப்பாவின் .22-ஐ நானே வைத்துச் சுடப் பழகுகிறேன் என்றால், வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

இப்போது நீங்கள் ஆவலோடு கேட்ட காலிபர் விஷயம். அந்த நண்பர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல, சட்டமும்தான். துப்பாக்கியை விரும்புகிறவர் எல்லாம் வாங்க முடியாது. உரிமத்தில் அந்தக் காலிபர் எழுதப்பட்டவர்தான் வாங்க முடியும். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவர் உங்கள் .30-06-ஐ வாங்க வேண்டுமானால் தன்னிடம் உள்ள ஒன்றைக் கைவிட வேண்டும். ஆனால் மத்திய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் .22 ரைஃபிளுக்கு, பிரிவு 3(3)-இன்படி அந்த வரம்பு பொருந்தாது. ஒரே பீரோவில் இருக்கும் இரண்டு ரைஃபிள்களில் ஒன்றுக்கு ஆள் வரிசையில் நிற்பதற்கும் மற்றொன்று கிடப்பில் கிடப்பதற்கும் இது பெரிய காரணம்.

விளையாட்டுக் காரணமும் உண்டு. 50 மீட்டர் ரைஃபிள் போட்டி .22 லாங் ரைஃபிள் தோட்டாவால் சுடப்படுவது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது அதில்தான். பெரிய காலிபருக்கான 300 மீட்டர் போட்டி 1972 மியூனிக்கோடு ஒலிம்பிக்கை விட்டுப் போய்விட்டது. அதற்கு நீளமான சுடுதளம் வேண்டும், தோட்டாவும் விலை அதிகம், தோளில் உதைப்பும் அதிகம். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு எந்தப் பெற்றோரும் .30-06 தேடமாட்டார்கள். அதோடு, எண்பதுகளின் நடுவிலிருந்து சாதாரண உரிமதாரர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்ய முடியாத நிலை இருக்கிறது. அதனால் ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் நல்ல ஜெர்மன் .22-க்கு மவுசு குறைவதில்லை.

.22 என்றாலே எல்லாம் ஒன்றல்ல. உங்கள் ரைஃபிளின் குழலில் “22 எல்.எஃப்.பி.” என்று பொறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மானியர்கள் .22 லாங் ரைஃபிளுக்குப் போடும் குறி அது, போட்டிக்கு ஏற்றது. .22 ஹார்னெட் என்றிருந்தால் கதை வேறு. அதே அங்குல அளவு சொன்னாலும் அது வேறு தோட்டா, 50 மீட்டர் போட்டியில் அதற்கு இடமில்லை. வாங்குபவரின் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவும் குழலில் உள்ளதும் பொருந்த வேண்டும்.

.30-06-ஐ யாராவது “7.62 தானே, தடை செய்யப்பட்டது” என்று சொல்லிப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்டால் ஏமாறாதீர்கள். .303 ரைஃபிள்களும், ராணுவ 7.62 தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடியவையும்தான் தடைப் பட்டியலில் வருகின்றன. .30-06 தோட்டா நீளமானது, வேறு வகை. நம் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையே பொதுமக்களுக்கான .315-ஐப் போல .30-06-ஐயும் தயாரித்திருக்கிறது. ஆனால் யாராவது ரைஃபிளில் தோட்டா ஏறும் அறையை மாற்றிக் கடைந்திருந்தால் நிலைமை தலைகீழ். ஆகவே உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர் பரிசோதித்து எழுத்தில் தந்த பிறகே விலை பேசுங்கள். என்ன விலை என்று நான் சொல்லமாட்டேன். துப்பாக்கியைப் பார்க்காமல் சொல்வது சரியல்ல. .30-06 விற்க நாளாகும் என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதை .22-ஓடு சேர்த்து மொத்தமாகத் தள்ளிவிடச் சொல்வது அந்த நண்பருக்குத்தான் லாபம்.

தாள்களைப் பற்றி: அப்பாவின் உரிமப் புத்தகம், அதில் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் யூ.ஐ.என். எண், வாங்கிய ரசீது, இறக்குமதி ஆனதென்றால் அந்த அனுமதி, கிளப் உறுப்பினர் அட்டை எல்லாவற்றையும் தேடுங்கள். விளையாட்டு வீரர் என்ற முறையில் இறக்குமதி செய்ததாக இருந்தால் மறுவிற்பனைக்கு நிபந்தனை போடப்பட்டிருக்கலாம். அந்தத் தாளைப் படிக்காமல் யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள். புத்தகம் கிடைக்கவில்லை என்றால் ஆட்சியர் அலுவலக ஆயுத உரிமப் பிரிவில் பதிவு நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். அம்மாவும் அக்காவும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரவேண்டும். அக்காவிடம் இதுவரை சொல்லவே இல்லை என்கிறீர்கள். இன்று மாலையே சொல்லுங்கள். உயில் இல்லாமல், இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால், விற்ற பணத்தில் அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு.

இந்தப் பதில் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எழுதியது. உரிமத்தையோ துப்பாக்கியையோ நான் பார்க்கவில்லை. ஒரு வரி மாறினால் ஆலோசனையும் மாறும். ஆகவே இதைக் கத்தரித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம். ஆயுதச் சட்ட வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரை ஈரோட்டிலேயே இந்த வாரமே நேரில் பாருங்கள். ஒப்படைப்புக் கடிதத்தை அவர் கையால் எழுதி வாங்குங்கள். அதுவரை பீரோவைப் பூட்டி, சாவியை நீங்களே வைத்திருங்கள். ரைஃபிளை யாருக்கும் காட்டவோ கொடுக்கவோ வேண்டாம். அந்த நண்பரிடம் முன்பணம் என்று ஏதாவது வாங்கியிருந்தால், இன்றே வங்கி மூலம் திருப்பி அனுப்பிவிட்டு அதன் ரசீதையும் வழக்கறிஞரிடம் கொண்டு போங்கள்.