கல்லீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிதல்: உயிர் உணர்விகளின் பங்கு

கல்லீரல், பெரிதும் நலிவுற்ற நிலையிலும் நெடுங்காலம் தன் பணியை ஆற்றும் இயல்புடையது. இவ்வியல்பே அதில் தோன்றும் புற்றுநோய்க்கு மறைவிடமாகின்றது. வயிற்று வீக்கமும் காமாலையும் வெளிப்படும்போது, முற்றிலும் குணப்படுத்தத்தக்க கட்டம் பெரும்பாலும் கடந்துவிடுகின்றது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 8.66 லட்சம் பேரிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 7.58 லட்சம் பேர் இதனால் மாண்டனர்.

யாரைச் சோதிப்பது?

மக்கள் அனைவரையும் சோதிக்க வேண்டுவதில்லை. சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கமும், ஹெபடைடிஸ் 'பி', 'சி' கிருமிகளின் நெடுநாள் தொற்றும் உடையோருக்கே ஆபத்து மிகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் 'பி' தொற்றுடனும் 55 லட்சம் பேர் 'சி' தொற்றுடனும் வாழ்ந்தனர். குழந்தைகளுக்கான 'பி' தடுப்பூசி 2011இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. எனினும், முன்னரே தொற்றுக்கு ஆளானோரை அது காக்க இயலாது. அவர்களுள் ஆபத்து மிகுந்தோருக்குத் தொடர் கண்காணிப்பு இன்றியமையாதது.

ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்வதும், இரத்தத்தில் ஆல்பா ஃபீட்டோ புரோட்டீன் என்னும் புரதத்தை அளவிடுவதும் இன்றைய நடைமுறையாகும். சிரோசிஸ் நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான மதிப்பாய்வின்படி, தொடக்கநிலைப் புற்றுநோய்களுள் 45 விழுக்காட்டையே அல்ட்ராசவுண்ட் மட்டும் கண்டறிகின்றது. இரு சோதனைகளும் இணையும்போது இது 63 விழுக்காடாக உயர்கின்றது.

உணர்வி செயற்படும் முறை

1962இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் குளுக்கோஸை அளக்கும் நொதி மின்முனையை விவரித்தனர். இன்று வீடுகளில் பயன்படும் சர்க்கரை அளவிக்கு அதுவே மூலமாகும். கல்லீரல் புற்றுநோய்க்கான உணர்வியில், நொதிக்குப் பதிலாக எதிர்ப்புப் புரதம் மின்முனையில் பொருத்தப்படுகின்றது. இரத்தத்துளியிலுள்ள குறிப்புப் புரதம் அதனுடன் பிணையும்போது மின்னோட்டமோ மின்தடையோ மாறுபடுகின்றது. அம்மாறுதல் அளவாகக் கணிக்கப்படுகின்றது. தங்க நுண்துகள்களும் கிராஃபீனும் நுட்பத்தைக் கூட்டுகின்றன. ஆல்பா ஃபீட்டோ புரோட்டீன் கல்லீரல் அழற்சியிலும் கருவுற்ற காலத்திலும் உயரக்கூடும். சில புற்றுக்கட்டிகளில் உயராமலும் இருக்கும். எனவே, பல குறிப்புப் பொருள்களை ஒருங்கே அளக்கும் உணர்விகளை உருவாக்க முயற்சிகள் நடைபெறுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூட நிலையிலேயே உள்ளன.

திட்டமிடுவோர் கருத வேண்டியவை

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். ஆபத்து மிகுந்த 1,000 பேருள் 20 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கொள்வோம். நோயுற்றோருள் 80 விழுக்காட்டினரைக் கண்டறிந்து, நோயற்றோருள் 10 விழுக்காட்டினரைத் தவறாகச் சுட்டும் உணர்வி, 16 பேரைச் சரியாகவும் 98 பேரைப் பிழையாகவும் காட்டும். இந்த 114 பேருக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. சோதனை தேவைப்படும். அதற்கான வசதி எட்டாத தொலைவில் இருப்பின், உணர்வி தருவது அச்சமேயன்றி ஆயுள் அன்று.

ஆகவே, கருவியின் விலையை மட்டும் கணக்கிடுவது போதாது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மீளச் சோதிக்கும் செலவு, நோயை உறுதிசெய்யும் மருத்துவமனைக்குச் செல்லும் வழி, சிகிச்சைக்கான நிதி ஆகிய மூன்றும் ஒரே திட்டத்தில் இடம்பெற வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கப்படும் ஒரு துளி இரத்தம், அறுவை அரங்கு வரை நீளும் சங்கிலியின் முதல் கண்ணியாக அமையும்போதே இத்தொழில்நுட்பம் உயிர்காக்கும் கருவியாகும்.