குழந்தைக்கு வலிப்பு வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்



சில வருடங்களுக்கு முன் ஒரு காலை. பிரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போய்விட்டார்கள். ஆயாக் கொட்டகையிலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். "ஐயா, பாப்பாவுக்கு வலிப்பு!" போய்ப் பார்த்தால் இரண்டு வயசுக் குழந்தை, வெட்டி வெட்டி இழுக்கிறது. கையில் இரும்புச் சாவி, பல்லிடுக்கில் கரண்டி, உதட்டில் ரத்தம். "எவ்வளவு நேரமாக இழுக்குது?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான். 6 மாதத்திலிருந்து 5 வயசுவரை காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். பெயர் மட்டும் சாவிக்குப் போய்விடும்! ஆனால் 5 நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. நேரம் போகப் போக மருந்துக்கும் அடங்காது. அரை மணிக்கு மேல் போனால் மூளை பாதிக்கும் ஆபத்து உண்டு.

ஆகவே வலிப்பு தொடங்கியதுமே மணியைப் பார்த்து, என்னிடம் ஓர் ஆளை அனுப்புங்கள். இன்னொருவர் வண்டி தேடட்டும். பட்டணத்து ஆஸ்பத்திரி தூரம். மானேஜர் வரட்டும் என்று நிற்க வேண்டாம். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழியும். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவுமே கூடாது. கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள்.

5 நிமிடமாகியும் நிற்காவிட்டால் ஆசனவாய் வழியே டயசிபாம் மருந்து செலுத்துவோம். 10 கிலோ குழந்தைக்கு 5 மில்லிகிராம். அது மூச்சைத் தணிக்கக்கூடிய மருந்து. நானே கூட இருந்து நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நின்றாலும் நிற்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். வண்டியிலும் ஒருக்களித்தே படுக்கட்டும். உதடு நீலமானாலோ, 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளையானாலோ 5 நிமிடம் எண்ண வேண்டாம், உடனே கிளம்புங்கள். வலிப்பு நின்றும் குழந்தை தெளியாவிட்டாலும், கழுத்து விறைத்தாலும் அப்படியே.

அந்தப் பாப்பாவுக்கு மருந்து கொடுத்துச் சற்று நேரத்தில் இழுப்பு நின்றது. லோரியில் ஏற்றி அனுப்பினோம், பிழைத்தது.

அன்று ஆயாக் கொட்டகைச் சுவரில் ஒரு கடிகாரம் தொங்கியது. பேட்டரி தீர்ந்து எத்தனை நாளோ! உங்கள் கொட்டகைக் கடிகாரம் ஓடுகிறதா என்று அடுத்த கிளைக் கூட்டத்தில் கேளுங்கள்.