உறைந்த அருவியில் ஏறுதல்

அருவி என்றவுடன் ஓசையும் ஒழுக்குமே நம் கருத்தில் எழும். ஆயின் கானடா, நார்வே, அமெரிக்காவிலுள்ள கொலராடோ முதலிய இடங்களின் மலைப்பகுதிகளில், குளிர்காலம் முதிர்ந்ததும் பல அருவிகள் ஒலியடங்கி நின்றுவிடுகின்றன. அங்ஙனம் நின்ற அருவியை அடிமுதல் முடிவரை பற்றி ஏறுதலை ஒரு கலையாகவே சிலர் பயின்று வருகின்றனர். அதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஓடும் நீர் எளிதில் உறைவதன்று. 0 டிகிரி நிலையை அடைந்த ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாதற்கு ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தை வெளிவிடல் வேண்டும். அவ்வெப்பத்தைக் குளிர்காற்று கவர்ந்துகொண்டாலன்றி நீர் இறுகாது. ஆதலின் முதற்கண் உறைவது பேரொழுக்கன்று. அதினின்று தெறிக்கும் திவலைகளே. மேல்விளிம்பினின்று ஈட்டிகள்போற் பனிக்கட்டி கீழ்நோக்கி வளர, அடியிற் குவியும் திரள் மேல்நோக்கி வளர, இரண்டும் கூடுமிடத்துத் தூண் தோன்றுகின்றது. அப்பொழுதும் உள்ளே நீர் ஓடிக்கொண்டிருத்தல் உண்டு. புறத்தே கல்லெனத் தோன்றுவதை அகத்தும் கல்லெனக் கொள்வது பேதைமை.

முற்காலத்தார் பனிச்சரிவிற் கோடரியாற் படி வெட்டி ஏறினர். பெருந் தாமதமும் களைப்பும் தரும் முறை அது. 1908-இல் ஆஸ்கர் எக்கென்ஸ்டைன் என்னும் ஆங்கிலேயர், பாதரட்சையின் அடியிற் கட்டத்தக்க பத்து முட்களையுடைய இரும்புச் சட்டகத்தை வகுத்தார். 1929-இல் லாரன்ட் கிரிவெல் என்பார் அதன் முன்புறத்தில் இரு முட்களை நீட்டினார். செங்குத்தான கட்டியில் நுனிக்காலை உதைத்து ஊன்றி நிற்றல் அதனாற் கைகூடிற்று. இக்கலைக்கு உயிர்நாடி இவ்விரு முட்களே என்பது நம் கருத்து. 1966-இல் ஈவான் ஷுனார்டு என்னும் அமெரிக்கர் கோடரியின் அலகைச் சற்றே வளைத்துச் செய்வித்தார். வீசும் கையின் வளைவோடு அலகின் வளைவும் ஒத்திருத்தலால், ஊன்றிய கோடரி வழுவுவதில்லை.

கொலராடோவில் டெல்லூரைடு நகருக்கு அண்மையில் பிரைடல் வெயில் என்றோர் அருவி உண்டு. உயரம் ஏறக்குறைய 365 அடி. உறைந்த அதனை 1974-இல் ஜெஃப் லோ, மைக் வைஸ் என்னும் இருவர் முதன்முதலாக ஏறி முடித்தனர்.

இனி, ஏறுவோர் உயிர் எதனைச் சார்ந்தது என்பதைக் காண்போம். துளையுள்ள இரும்புத் திருகாணிகளைக் கட்டியிற் செலுத்தி, அவற்றிற் கயிற்றை மாட்டிச் செல்வர். ஆயினும் திருகாணியின் உறுதி கட்டியின் உறுதிக்கு மேற்பட்டதன்று. குளிர் மிகுந்தோறும் கட்டி வலுப்படும் என்று பலரும் எண்ணுவர். அஃது அரை உண்மையே. கடுங்குளிரிற் கட்டி நொறுங்குந் தன்மை அடைகின்றது. கோடரி பட்டவுடன் தாம்பாளம்போற் பெயர்ந்து, கீழே கயிறு பிடித்து நிற்பவர் தலையில் வீழும். 0 டிகிரியை அடுத்த நிலையிலோ அலகு இனிதாய் இறங்கும். ஆனால் இளகிய நீர் உட்புகுந்து பாறைக்கும் கட்டிக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்தும்.

இவ்விரண்டினும் கொடியது திடீர்க் குளிர். பனிக்கட்டி குளிரிற் சுருங்கும் அளவு இரும்பினும் ஏறக்குறைய நான்கு மடங்கு. 20 மீட்டர் உயரமுள்ள தூண் 10 டிகிரி குளிருமாயின் ஒரு சென்டிமீட்டர் அளவு சுருங்கல் வேண்டும். மேலும் கீழும் பற்றுண்டு நிற்பதால் அதற்கு இடமில்லை. உள்ளே இழுப்பு மிகும். அந்நிலையிற் கோடரியின் ஓரடியே தூண் முழுதும் முறிந்து வீழப் போதியதாகும். ஆகவே தேர்ந்தோர், முந்திய இரவிற் குளிர் சடுதியிற் கடுமையாயிற்றெனின், தனித்து நிற்குந் தூணைத் தொடாது, பாறையோடு ஒட்டிப் படிந்த கட்டியையே நாடுவர். அதுவும் இன்றேல் வந்த வழியே மீள்வர்.