சிறுநீரகமும் மரபும்

ஓசூர் சாலையில் சந்தாபுராவைக் கடந்து செல்லுகையில், மருத்துவமனைகளின் கன்னடப் பலகைகளில் 'மூத்ரபிண்ட' என்னும் சொல்லைக் கண்டிருப்பீர்கள். அதனையே தமிழில் சிறுநீரகம் என்கிறோம். பெயர் சிறுநீரைச் சுட்டினாலும், அவ்வுறுப்பின் தலையாய பணி குருதியைத் தூய்மை செய்வதே. நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மம் அங்கே வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது.

சிலருக்கு இவ்வுறுப்பில் நீர்க்கட்டிகள் தோன்றி, ஆண்டுக்கு ஆண்டு பெருகி, நல்ல திசுக்களை நெருக்கி அழிக்கின்றன. சிறுநீரக நீர்க்கட்டி நோய் எனப்படும் இது, பெரும்பாலும் பெற்றோர் வழியாக வருவது. தாய் தந்தையருள் ஒருவருக்கு இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மூத்தவருக்கு வந்துவிட்டதால் இளையவர் தப்பினார் என்று எண்ணுதல் தவறு. நாணயத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகவே சுண்டுகிறோம் அல்லவா? ஆண், பெண் என்னும் வேறுபாடும் இதற்கு இல்லை.

கட்டிகள் வளர்ந்துகொண்டிருக்கும்போதே, எஞ்சிய வடிகட்டிகள் கூடுதலாக உழைத்துக் குறையை மறைத்துவிடும். எனவே, பல ஆண்டுகள் குருதிச் சோதனையும் இயல்பாகவே காட்டக்கூடும். குடும்பங்களும் மறைக்கின்றன. பெண்ணின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சித் தந்தையின் நோயை உறவினரிடம் சொல்லாதோர் உளர். அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே, ஆனால், சித்தப்பாவும் அத்தையும் தம்மைச் சோதித்துக்கொள்ளும் வாய்ப்பை அதனால் இழக்கின்றனர். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தபின் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்ய நேரிடும். தினக்கூலிக்குச் செல்பவர் அந்நாள்களின் ஊதியத்திற்கு எங்கே போவார்?

இந்நோயை வேரோடு நீக்கும் மருந்து இல்லை. ஆயினும், அதன் வேகத்தைக் குறைக்கலாம். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தல் முதன்மையானது. நோயுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சிறு வயது முதலே அதனை அளந்து பார்த்தல் நன்று. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பைக் குறைத்தல் வேண்டும். வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. கட்டிகளின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் டோல்வாப்டான் என்னும் மருந்திற்கு 2018ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதனை உண்போர் கல்லீரலையும் அடிக்கடி சோதிக்க வேண்டும்.

தொடக்கச் சோதனைக்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி, அந்நகரை அடுத்த சிற்றூர்களில் ஓர் அறக்கட்டளை வழியாக இதனைச் செய்து காட்டினார். ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று சிறுநீரைச் சோதித்தனர். இரத்த அழுத்தத்தை அளந்தனர். குறை கண்டவர்களுக்கு விலை குறைந்த மருந்துகளே அளிக்கப்பட்டன. அது மரபுநோய்க்கு மட்டும் உரிய திட்டம் அன்று. ஆயினும், மரபுநோயாளருக்கும் வேண்டிய முதற்படி அதுவே.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
மரபு – வழிவழியாக வருவது
சுட்டுதல் – குறித்தல்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: சிறுநீரகம், மரபணு.
2. குருதிச் சோதனை இயல்பாக இருந்தும் நோய் வளர்வது எவ்வாறு?
3. நோயை மறைக்கும் பெரியவர் ஒருவருக்கும் அவர் தங்கை மகனுக்கும் நிகழும் உரையாடலை எட்டு வரிகளில் எழுதுக.